ஒத்தையா சுத்துறதுக்கு சின்ன டூரிங் கேரவன்: சின்ன காருக்கு எது ஒத்துவரும்?

மீனா_கவென்ட்ரி:
எல்லாருக்கும் வணக்கம். நான் கவென்ட்ரில இருக்கேன், நர்ஸ் வேலைல இருந்து இந்த வருஷம் ரிட்டயர் ஆகறேன், புள்ளைங்க ரெண்டு பேரும் செட்டில் ஆயிட்டாங்க, வீட்டுக்காரர் இப்ப இல்ல. இத்தன வருஷமா இந்த நாட்டுல இருந்தும் லேக் டிஸ்ட்ரிக்டும் ஸ்காட்லாந்தும் ஷிஃப்டுக்கு நடுவுல ஓடிப் போய் ஓடி வந்ததுதான், ஒரு ஊர்ல பத்து நாள் உக்காந்து பாத்ததே இல்ல. அதான் சின்னதா ஒரு டூரிங் கேரவன் வாங்கி தனியா கிளம்பலாம்னு இருக்கேன்.

கார் 1.0 டர்போ பெட்ரோல் ஹேட்ச்பேக். கெர்ப்வெயிட், அதாவது சாமான் ஏத்தாத காரோட வெயிட், 1,170 கிலோ, பிரேக் உள்ள டிரெய்லர் 1,000 கிலோ வரைக்கும் இழுக்கலாம்னு புக்ல இருக்கு. பட்ஜெட் 9,000 பவுண்ட், செகண்ட் ஹேண்ட்தான். உள்ளயே டாய்லெட் கண்டிப்பா வேணும், ராத்திரி மழைல டாய்லெட் பிளாக் தேடி நடக்க என் முட்டி ஒத்துக்காது. எரிபா, ஸ்விஃப்ட் பேஸ்கேம்ப், கோ-பாட், இல்ல ரெண்டு பேர் படுக்கற சாதாரண டூ-பெர்த், இதுல எது? லைசன்ஸ் 2006ல எடுத்தது, தனி டெஸ்ட் எழுதணுமா?

செந்தில்_டார்பி:
அக்கா, லைசன்ஸ் கவலையே வேண்டாம். 1997 ஜனவரிக்கு அப்புறம் கார் டெஸ்ட் பாஸ் பண்ணவங்களுக்கு முன்னாடி டிரெய்லருக்குத் தனி டெஸ்ட் இருந்துச்சு, 2021 டிசம்பர் 16ல அதை எடுத்துட்டாங்க, இப்ப 3,500 கிலோ வரைக்கும் டிரெய்லர் இழுக்கலாம்.

ஆனா கேரவன் போட்டோ எதையும் பாக்கறதுக்கு முன்னாடி காரோட விஐஎன் பிளேட்டைப் பாருங்க. கதவுத் தூண்லயோ பானெட்டுக்குக் கீழயோ ஒட்டியிருக்கும். நாலு நம்பர் இருக்கும், முதல் நம்பர் கார் ஃபுல் லோடோட இருக்கலாம்னு சொல்ற வெயிட், ரெண்டாவது காரும் டிரெய்லரும் சேர்ந்து இருக்கலாம்னு சொல்றது, மத்த ரெண்டும் ஆக்ஸில் வெயிட். அந்த ரெண்டாவது நம்பர் இல்லாமயே இருந்தா அந்தக் கார் எதையும் இழுக்கக்கூடாதுன்னு அர்த்தம், பழைய நிசான் லீஃப் மாதிரி எவ்வளவோ காருங்க அப்படித்தான். உங்களது இழுக்கும், அதுவரைக்கும் நல்லது.

அப்புறம் 85% கணக்கு. புதுசா இழுக்கறவங்க காரோட கெர்ப்வெயிட்டுல 85%க்கு மேல போகவேண்டாம்னு கேரவன் கிளப்புகள் எல்லாம் சொல்லும். 1,170ல அது 995 கிலோ. இதை கேரவனோட எம்டிபிஎல்எம்மோட ஒப்பிடணும், அதாவது சாமான் எல்லாம் ஏத்தினபிறகு அதிகபட்சம் எவ்வளவு இருக்கலாம்னு கேரவன் கதவு பக்கத்துல பிளேட்டுல எழுதியிருக்கற வெயிட். விளம்பரத்துல காலி வெயிட்டை மட்டும் பெருசா போட்டு "சின்ன காருக்கு ஏத்தது"னு எழுதுவாங்க, அதை நம்பிக் கிளம்பாதீங்க.

ரோஹித்_மில்டன்கீன்ஸ்:
85%ங்கறது சட்டம் இல்லையே. சட்டப்படி காரோட டோயிங் லிமிட்தான். 1,000 இருக்குன்னா 1,000 வரைக்கும் போலாம்.

செந்தில்_டார்பி:
சரிதான் தம்பி, சட்டம் அது இல்ல. கம்பெனி குடுத்த லிமிட்டைத் தாண்டினாதான் குத்தம். ஆனா அந்த 1,000 எப்படி வருதுன்னு பாருங்க, 12% ஏத்தத்துல நிறுத்தி மறுபடி வண்டியைக் கிளப்ப முடியுமான்னு வச்சு சொல்றது அது. எம்40 மோட்டர்வேல லாரி ஒண்ணு உங்களத் தாண்டும்போது பின்னாடி இருக்கற வண்டி காரை ஆட்டுமா ஆட்டாதாங்கறதுக்கு அந்த நம்பர் பதில் சொல்லாது. முதல் தடவை இழுக்கறவங்க, பக்கத்துல ஆளும் இல்ல, அவங்களுக்கு 85%க்குள்ள இருக்கறதுதான் நிம்மதி. அக்கா, இன்னொண்ணு, உங்க காருக்கு நோஸ்வெயிட் எவ்வளவு போட்டிருக்கு?

மீனா_கவென்ட்ரி:
புக்ல 50 கிலோன்னு இருக்கு தம்பி. அது ரொம்பக் கம்மியா?

செந்தில்_டார்பி:
சின்ன கார்கள்ல அப்படித்தான் இருக்கும், இங்கதான் நிறைய பேர் மாட்டிக்கறாங்க. கேரவன் மூக்கு, காருக்குப் பின்னாடி இருக்கற டோபால் உருண்டை மேல அழுத்தற வெயிட்தான் நோஸ்வெயிட். வண்டி ஆடாம ஓடணும்னா ஏத்தின வெயிட்டுல 5லிருந்து 7% அளவுக்கு இருக்கறது நல்லது. 950 கிலோ வண்டின்னா 47லிருந்து 66 கிலோ வரும். உங்க கார் 50தான் தாங்கும். அப்ப 950ல நீங்க விளிம்புலயே நிக்கறீங்க, முன்னாடி லாக்கர்ல கேஸ் பாட்டில் ஒண்ணு வச்சாலே தாண்டிடும். அதுக்காக வெயிட்டைப் பின்னாடி தள்ளி மூக்கைக் குறைச்சா வண்டி பாம்பா நெளிய ஆரம்பிக்கும், அது அதைவிட ஆபத்து. அதனால 995ஐ மறந்துடுங்க, எம்டிபிஎல்எம் 850 பக்கம் தேடுங்க. கனமான சாமான் எல்லாம் கீழ, ஆக்ஸிலுக்கு மேல வர்ற மாதிரி வைங்க.

ஹரோ_வரன்:
வணக்கம் அக்கா. எங்களிட்ட எரிபா ஒண்டு கன காலமா நிக்குது, அதால அதைப் பற்றி மட்டும் சொல்லுறன். எரிபா 1957 தொடக்கம் வருது, அதைத் தொடங்கின ரெண்டு பேரில ஒருத்தரான எரிக் பாஹெம் முந்தி விமானம் வடிவமைச்ச ஆள், அந்தக் கை இப்பவும் தெரியும், உள்ளுக்கு மரச் சட்டம் இல்லை, இரும்புக் குழாய்ச் சட்டத்துக்கு மேல அலுமினியத் தகடு. அதால மரச்சட்டக் கரவன்களுக்கு வாற ஈரப் பிரச்சினை இதுக்கு குறைவு. வண்டி ஒடுக்கம், பதிவு, கூரையை உள்ளுக்கிருந்து தள்ளி உயர்த்திறது. காத்துக்குள்ள ஓடேக்க இழுக்கிறதே பெரிசா தெரியாது.

ஆனா உங்களுக்கு ரெண்டு விசயம் இடிக்கும். ஒண்டு, சின்ன எரிபாக்கள் கனக்கத்தில ரொய்லெட் அறை இல்லை, லேஅவுட்டைப் பார்த்துத்தான் எடுக்கோணும். மற்றது விலை. பழசானாலும் விலை விழாது, 9,000க்கு வாறது வயசு போனதாத்தான் இருக்கும். குளிர் காலத்தில கூரையின்ர துணிப் பக்கத்தால குளிர் இறங்கும், மாசி பங்குனியில ஸ்கொட்லாண்டுக்கு வெளிக்கிடுற எண்ணம் இருந்தா யோசியுங்கோ.

ரோஹித்_மில்டன்கீன்ஸ்:
இவ்வளவு கணக்கு போடறதுக்கு ஒரு சின்ன கேம்பர்வேன் வாங்கிடலாமே ஆன்ட்டி? காரோட கோத்து ஹிட்ச் பண்ற வேலையே இல்ல.

கலா_ஷெஃபீல்ட்:
கேம்பர்வேன் நல்லதுதான் தம்பி, ஆனா 9,000க்கு வர்றது எந்த நிலைமைல இருக்கும், அதுக்கு வருஷா வருஷம் எம்ஓடி டெஸ்ட், டாக்ஸ், இன்னொரு எஞ்சின். கேரவனுக்கு எம்ஓடியும் கிடையாது ரோடு டாக்ஸும் கிடையாது. அதோட, மீனாக்கா ஒரு ஊர்ல பத்து நாள் இருக்கணும்னு சொல்றாங்க. கேரவனை நிறுத்திட்டு கார்ல ஊர் சுத்தலாம், கேம்பர்வேன்ல பால் வாங்கப் போறதுக்கும் வீட்டையே மடிச்சு எடுத்துட்டுப் போகணும்.

மீனாக்கா, நானும் தனியாத்தான் போறேன், எத்தனையோ வருஷமா. உங்களுக்கு ஒண்ணே ஒண்ணு சொல்லணும்னா, வண்டியை உள்ள உக்காந்து பாத்து முடிவு பண்ணாதீங்க, வெளிய நின்னு உங்க கையால பண்ணிப் பாத்து முடிவு பண்ணுங்க. சோஃபா துணி, லைட்டு எல்லாம் யாருக்கும் பிடிக்கும். டீலர் யார்டுலயே சொல்லுங்க, "நானே பண்ணிப் பாக்கறேன், யாரும் கை வைக்கவேண்டாம்"னு. ஹேண்ட்பிரேக்கை விடுவிச்சு தள்ளிப் பாருங்க. மூக்குக்குக் கீழ இருக்கற ஜாக்கி வீலைச் சுத்தி மூக்கைத் தூக்கி இறக்குங்க. குனிஞ்சு வண்டி ஆடாம நிக்க நாலு மூலைலயும் இருக்கற ஸ்டெடிக் காலையும் இறக்குங்க, முட்டி என்ன சொல்லுதுன்னு அப்பத் தெரிஞ்சுடும் (டிரில் மாட்டி இறக்கலாம், அதுக்குனு அடாப்டர் விக்கறாங்க, உங்களுக்கு அது அவசியம்). டாய்லெட் கழிவு சேர்ற கேசட்டை வெளிக் கதவு வழியா இழுத்து எடுத்து மறுபடி சொருகுங்க. கேஸ் பாட்டிலைத் தூக்கி லாக்கர்ல வைங்க, 6 கிலோ கேஸ்னு எழுதியிருந்தாலும் இரும்புப் பாட்டிலோட சேர்த்தா ரெட்டிப்புக்கும் மேல. இதுல எது உங்களால முடியலையோ அதுக்கு வழி இருக்கான்னு பாருங்க, இல்லன்னா அந்த வண்டி வேண்டாம். ஊருக்குப் போனபிறகு உதவிக்கு பக்கத்து பிட்ச்ல, அதாவது பக்கத்து இடத்துல, வண்டி நிறுத்தியிருக்கறவங்க ஓடி வருவாங்க, நல்ல மனுஷங்க, ஆனா மத்தவங்களை நம்பித்தான் ஒவ்வொரு தடவையும் கிளம்பணும்னு ஆயிட்டா வண்டி வீட்டுலயேதான் நிக்கும்.

கேரவனை நகர்த்தற மூவர் மெஷின் பத்தி. தட்டையான தார் தரைல 800 கிலோ வண்டியை ஒரு ஆளே தள்ளிடலாம், ஈரப் புல்லுல, லேசா சரிவு இருந்தா அசையக்கூட அசையாது. ரிமோட்ல வீலை உருட்டற மூவர் தனி ஆளுக்கு பெரிய துணை, ஆனா அது ஏறக்குறைய 30 கிலோ, அதுக்கு நல்ல லெஷர் பேட்டரி வேணும், அது ஒரு 20 கிலோவுக்கு மேல. ரெண்டும் நீங்க சாமான் ஏத்தற கணக்குலருந்துதான் போகும். காலி வெயிட் 700, எம்டிபிஎல்எம் 850னா 150 கிலோ கையில இருக்கும், மூவரும் பேட்டரியுமே அதுல மூணுல ஒரு பங்கை சாப்ட்டுடும். மிச்சத்துல ஆனிங் (வாசல் பக்கம் போடற கூடாரம்), தண்ணி உருட்டிட்டு வர்ற டிரம், நாற்காலி, துணிமணி, மளிகை. தனி ஆளா இருக்கறதால அது போதும், அதான் நமக்கு இருக்கற வசதி.

மீனா_கவென்ட்ரி:
கலா, ரொம்ப நன்றிம்மா. இதை யாருமே சொல்லல. தனியா ஹிட்ச் எப்படிப் பண்ணுவீங்க, பின்னாடி கை காட்ட ஆள் இல்லையே?

கலா_ஷெஃபீல்ட்:
ரிவர்ஸ் கேமரா இருந்தா பாதி வேலை முடிஞ்சுது அக்கா. கேமரால டோபாலும் கேரவன் ஹிட்ச்சும் ஒரே கோட்டுல வர்ற வரைக்கும் பின்னாடி வந்து, ஒரு கை அகலம் விட்டு நிறுத்திட்டு மிச்சத்தை மூவரால கொண்டு வருவேன். அப்புறம் ஜாக்கி வீலால மூக்கை மெல்ல இறக்கினா பால் மேல உக்காந்து டக்குனு சத்தம் வரும், அல்கோ கம்பெனி ஹிட்ச்ல பச்சை வளையம் தெரியும். பச்சையைப் பாத்தா மட்டும் போதாது, ஜாக்கியை மறுபடி எதிர்ப்பக்கம் சுத்தி மூக்கைத் தூக்குங்க, கார் பின்பக்கமும் கூடவே எழும்பணும், எழும்பினாதான் பிடிச்சிருக்குன்னு அர்த்தம். பிரேக்அவே கேபிளை காரோட கொக்கில மாட்டணும், வண்டி கழண்டா அதுதான் கேரவன் பிரேக்கை இழுக்கும். 13 பின் பிளக்கைச் சொருகித் திருப்பணும், ஜாக்கியை முழுசா மேல தூக்கிப் பூட்டணும், ஹேண்ட்பிரேக்கை விடணும்.

பிரேக் லைட் எரியுதான்னு தனியா எப்படிப் பாக்கறது? போனை கேரவன் பின்னாடி தரைல ஒரு செருப்புல சாய்ச்சு வச்சு வீடியோ போட்டுட்டு வந்து பிரேக்கை மிதிங்க, இண்டிகேட்டர் ரெண்டு பக்கமும் போடுங்க, போய் எடுத்துப் பாருங்க. நான் ஒவ்வொரு தடவையும் இதைத்தான் பண்றேன். நடுவுல யாராவது பேச வந்தா பாதில நிறுத்தாம, ஒரு நிமிஷம்னு சொல்லிட்டு முடிச்சுட்டே பேசுங்க.

ஸ்டெபிலைசர் ஹிட்ச் இருக்கற வண்டின்னா டோபால்ல கிரீஸ் ஒட்டவே கூடாது, புது பால்ல இருக்கற பெயின்ட்டையும் தேய்ச்சு எடுத்துடணும், பேட் அதைப் பிடிச்சுக்கிட்டுத்தான் ஆட்டத்தை அடக்கும்.

பார்த்திபன்_லீட்ஸ்:
செகண்ட் ஹேண்ட்னு சொன்னதால இதை எழுதறேன், கொஞ்சம் நீளமா போகும், மன்னிக்கணும். பழைய கேரவன்ல எஞ்சின் இல்ல, கெட்டுப்போறதுக்கு ஒரே பெரிய காரணம் தண்ணி. பழைய வண்டிங்கள்ல சட்டம் மரம், கூரையும் சுவரும் சேர்ற இடத்துல இருக்கற சீலன்ட் காஞ்சு வெடிச்சு, மழைத்தண்ணி துளித்துளியா இறங்கி உள்ள மரம் மக்கிடும், மேல வால்போர்டு பளபளன்னு புதுசா இருக்கும். அதனால நீங்க பாக்கப் போறப்ப முதல்ல கதவைத் திறந்த உடனே மூக்கால பாருங்க. ஏர் ஃப்ரெஷ்னர் வாசனை தூக்கலா இருந்தா எனக்கு அதுவே சந்தேகம். அப்புறம் முன் ஜன்னல் ரெண்டு மூலை, மேல் லாக்கருக்கு உள்ள இருக்கற மூலை, சீட்டுக்கு அடில இருக்கற பெட்டிக்குள்ள டார்ச் அடிச்சு, கட்டை விரலால அமுக்கிக்கிட்டே வாங்க. மெத்துன்னு உள்ள போச்சுன்னா அங்க வேலை இருக்கு. தரைல, கிச்சன் முன்னாடியும் கதவுகிட்டயும் குதிகாலை ஊன்றி நில்லுங்க, நமுத்த பிஸ்கெட் மாதிரி இருந்தா ஃப்ளோர் பிரிஞ்சிருக்கு.

ஈரத்தை அளக்கற டேம்ப் மீட்டர் ரீடிங் 15%க்குக் கீழ இருந்தா நல்லது, 15லிருந்து 20 வரைக்கும்னா காரணம் தேடணும், 20க்கு மேலன்னா தண்ணி இறங்குதுன்னு எடுத்துக்கலாம். எங்க தங்கச்சிக்காக ஒரு டீலர்கிட்ட போனோம், டேம்ப் ரிப்போர்ட் கேட்டதுக்கு இருக்கு அனுப்பறோம்னு சொன்னாங்க, அட்வான்ஸ் கட்டுங்கன்னு தினம் போன் வந்துச்சே தவிர ரிப்போர்ட் வரல, விட்டுட்டோம். ரிப்போர்ட் இல்லன்னா பணம் இல்ல, அவ்வளவுதான்.

டயர்ல பட்டை நல்லா இருக்கேன்னு ஏமாறாதீங்க, பக்கச் சுவர்ல நாலு இலக்கம் இருக்கும், 1417னு இருந்தா 2017ல 14வது வாரம் செஞ்சது. அஞ்சு வருஷத்துல மாத்திடறது நல்லது, ஏழுக்கு மேல ஓட்டவே கூடாது. இந்த வண்டிங்க நின்னே டயரைக் கெடுக்கும்.

திருட்டு வண்டியான்னு கிரிஸ்ங்கற கேரவன் பதிவேட்டுல நம்பர் குடுத்துப் பாக்கலாம், 1992லருந்து இங்க செஞ்ச பெரும்பாலான கேரவன் அதுல பதிவாகியிருக்கு, ஜன்னல் கண்ணாடில பொறிச்ச நம்பரும் சேசிஸ் நம்பரும் ஒண்ணா இருக்கணும்.

மீனாக்காவுக்கு என் சிபாரிசு, ஃபைபர்கிளாஸ் வண்டி பாருங்க. போலந்துல செஞ்சு வர்ற ஃப்ரீடம் மாதிரி. கூண்டே வார்த்து எடுக்கறதால இணைப்பு கம்மி, தண்ணி இறங்க வழியும் கம்மி, லேசு. உள்ள எளிமையாத்தான் இருக்கும். கோ-பாட் 750 கிலோவுக்குள்ளதான், உங்க கார் சுலபமா இழுக்கும், ஆனா அதுல தனி டாய்லெட் ரூம் எதிர்பாக்காதீங்க, போர்ட்டபிள் டாய்லெட்தான் வச்சுக்கணும். பேஸ்கேம்ப் அழகு, ஷவரும் இருக்கு, ஆனா பிளேட்டு ஆயிரத்தைச் சுத்தி இருக்கும், உங்க 50 கிலோ நோஸ்வெயிட்டுக்கு அது ஒத்துவராது.

மீனா_கவென்ட்ரி:
எல்லாத்தையும் நோட்ல எழுதிக்கிட்டேன். இன்னொரு கேள்வி, சமையல். எனக்கு மூணு நாளைக்கு மேல சாண்ட்விச் ஓடாது. குக்கர், இண்டக்‌ஷன் எல்லாம் போடலாமா?

கலா_ஷெஃபீல்ட்:
தாராளமா. ஹுக்-அப், அதாவது பிட்ச்ல குடுக்கற கரண்ட், எவ்வளவு ஆம்ப்னு சைட்ல கேட்டுக்கோங்க. 16 ஆம்ப்னா 3,600 வாட்ஸ் சொச்சம், 10 ஆம்ப்னா 2,300தான். 10ல இண்டக்‌ஷனும் ஹீட்டரும் சேர்த்துப் போட்டா டிரிப் ஆயிடும், நான் சமைக்கறப்ப ஹீட்டரை கேஸுக்கு மாத்திடுவேன். கேஸ் குளிர்காலத்துல சிவப்பு பாட்டில் புரொபேன்தான் எடுக்கணும், பியூட்டேன் ஜீரோ டிகிரி பக்கத்துல ஆவியாகாது, அடுப்பு எரியாது. தாளிப்பு மட்டும் வெளிய ஆனிங்ல பண்ணுங்க. சின்ன கூடு, ஒரு தடவை கடுகும் வரமிளகாயும் உள்ள தாளிச்சா மெத்தைல ஒரு வாரம் நிக்கும், குக்கர் ஆவி ஜன்னல்ல வடிஞ்சு அதுவே ஈரம். ஆனா ஆனிங்ல எரியற அடுப்பை கேரவனுக்கு உள்ள சூடுக்குனு கொண்டுவந்து வைக்கவே கூடாது, கார்பன் மோனாக்சைடு அலாரம் வேலை செய்யுதான்னு போன உடனே அமுக்கிப் பாருங்க. தரைல இருக்கற கேஸ் வென்ட்டை குளிருதுன்னு துணி வச்சு அடைக்காதீங்க.

ஹரோ_வரன்:
அக்கா, கிளப்பில சேருங்கோ. கரவன் அண்ட் மோட்டர்ஹோம் கிளப்பின்ர சிஎல், கம்பிங் அண்ட் கரவனிங் கிளப்பின்ர சிஎஸ் எண்டு சின்ன இடங்கள் இருக்கு, தோட்டக்காரற்ற காணியில அஞ்சு கரவன் மட்டும். அமைதி. ஆனா கனக்க இடத்தில ரொய்லெட் இல்லை, அதுக்காகத்தான் உங்கட வண்டியில இருக்கோணும் எண்டது. முதல் கொஞ்ச நாளுக்கு வார்டன் நிக்கிற பெரிய சைட்டுக்குப் போங்கோ, தனிய எண்டு சொன்னா கிட்டவா இடம் தருவினம். ரெண்டு கிளப்பும் இழுக்கிறதுக்கு வகுப்பும் வைக்கினம், றிவேர்ஸ் பழக அது நல்லது.

ரோட்டுகளும் பாருங்கோ. யோர்க்‌ஷயரில சட்டன் பாங்க், ஏ170, அதில கரவனுக்குத் தடை. லேக் டிஸ்ட்ரிக்டில ஹார்ட்நொட் பாஸ் பக்கம் கரவனோட போகவே வேண்டாம். ஸ்கொட்லாண்டில அப்பிள்குறொஸ் போற பெயலக் ந பா ஏத்தத்தில கரவன் வேண்டாம் எண்டு போர்டு போட்டிருக்கு. கரவனைக் கீழ விட்டிட்டு காரில போங்கோ, அந்த மேல் வளைவில நிண்டு ஸ்கை தீவைப் பாக்கிறது ஒருக்கா எண்டாலும் பாக்கோணும்.

செந்தில்_டார்பி:
ஸ்பீடு மறந்துட்டோம். கேரவனோட, நடுவுல தடுப்பு இல்லாத சிங்கிள் கேரேஜ்வேல 50, நடுவுல தடுப்பு இருக்கற டூயல்லயும் மோட்டர்வேலயும் 60 மைல். மூணு லேன் மோட்டர்வேல வலது லேன் போகக்கூடாது. கேரவன் காரைவிட அகலம்னா எக்ஸ்டென்ஷன் மிரர் கட்டாயம். வண்டி நெளிஞ்சா பிரேக்கை மிதிக்காதீங்க, ஸ்டியரிங்கைத் திருப்பிச் சரிபண்ணப் பாக்காதீங்க, நேராப் பிடிச்சு ஆக்ஸிலேட்டர்ல இருந்து காலை மெல்ல எடுங்க, தானா அடங்கும்.

நிறுத்தற இடம் இருக்கா? சில வீட்டுப் பத்திரத்துல டிரைவ்வேல கேரவன் நிறுத்தக்கூடாதுன்னு எழுதியிருப்பாங்க, பாத்துக்கோங்க. வெளிய ஸ்டோரேஜ்னா காசோவாங்கற கேரவன் ஸ்டோரேஜ் சங்கத்துல மெம்பரா இருக்கற இடத்துல விடுங்க, இன்ஷூரன்ஸ்லயும் கேப்பாங்க.

மீனா_கவென்ட்ரி:
அப்டேட். போன வாரம் ரெண்டு வண்டி பாத்தேன். முதல்ல பாத்தது பின்பக்கம் முழுசா வாஷ்ரூம் இருக்கற அழகான டூ-பெர்த், கதவு பக்கத்துல பிளேட்டைப் பாத்தேன், 1,050, அங்கயே விட்டுட்டேன், உள்ள கூட உக்காரல. ரெண்டாவது ஃபைபர்கிளாஸ் வண்டி, பிளேட்டுல 850, மூலைல சின்ன டாய்லெட் ரூம். டேம்ப் ரிப்போர்ட் கையிலயே குடுத்தாங்க, எல்லா இடமும் 15க்குக் கீழ. கலா சொன்ன மாதிரி நானே எல்லாம் பண்ணேன், அந்தப் பையன் பாவம் நாலு தடவை உதவிக்கு வந்தான், வேண்டாம்னுட்டேன். தள்ள முடிஞ்சது, கேசட் சுலபமா வந்துச்சு, ஸ்டெடி மட்டும் கஷ்டம், டிரில் அடாப்டர் வாங்கிக்கறேன். டயர் 2016, புதுசு போட்டுத் தர்றதா எழுதிக் குடுத்திருக்காங்க. மூவர் இல்ல. எடுத்துடலாம்னு இருக்கேன்.

கலா_ஷெஃபீல்ட்:
சூப்பர் அக்கா! மூவர் உடனே போடாதீங்க, முதல்ல ரெண்டு மூணு ஹார்ட்ஸ்டாண்டிங் பிட்ச்ல, அதாவது புல் இல்லாத கெட்டித் தரைல, நிறுத்திப் பாருங்க, அந்த வெயிட்டுக்கு தேவையே படாம போகலாம், அந்தப் பணத்துல ஆனிங் வாங்கலாம்.

செந்தில்_டார்பி:
டோபார் போடறவங்ககிட்ட 13 பின், உங்க காருக்குனு இருக்கற டெடிகேட்டட் வயரிங்தான் வேணும்னு சொல்லிடுங்க, அப்பதான் காரோட டிரெய்லர் ஸ்டெபிலிட்டி வேலை செய்யும். அந்த வண்டில ஸ்டெபிலைசர் ஹிட்ச் இருந்தா கழுத்து நீளமான டோபால் கேளுங்க, கழுத்து குட்டையான சாதாரண டோபால்ல இடிக்கும். நோஸ்வெயிட் கேஜ் ஒண்ணு வாங்கிக்கோங்க, சாமான் எல்லாம் ஏத்தினபிறகு ஒவ்வொரு தடவையும் பாக்கணும், 50 தாண்டாம.

மீனா_கவென்ட்ரி:
எழுதிக்கிட்டேன் தம்பி. டோபார் வர்ற வியாழக்கிழமை புக் பண்ணியிருக்கேன், போன் பண்ணி இதெல்லாம் சொல்லிடறேன். முதல் சைட் பீக் டிஸ்ட்ரிக்ட் பக்கம் வார்டன் இருக்கற இடமா யாராவது சொல்லுங்க, கலா, உங்க ஊர்கிட்டதானே, வந்தா சாப்பாடு என் ஆனிங்லதான்.